ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர் எப்போது ஏறும்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களுக்கு இது தேவைப்படாது. இது வேறு ஆட்களுக்கு. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டுத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்ப்பவர், ராயபுரத்தில் லேப் டெக்னீஷியனாக இருப்பவர், பெரம்பூரில் நர்சிங் படித்துக் கல்யாணமாகி டெக்சாஸ் போய் இறங்கியவர். முப்பதை நெருங்கும்போது 'நாமே டாக்டருக்குப் படித்தால் என்ன' என்று தோன்றிவிட்டவர்கள். விசாரிக்கத் தொடங்கியதுமே யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "பேப்பர் ஏதாவது போட்டிருக்கியா?"

குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பேப்பரில், அதாவது ஆய்வுக் கட்டுரையில், யார் பெயர் வரும்? ஆஸ்பத்திரியில் வேலையே பார்க்காத ஒருவர் பெயர் எப்படி வரும்? காசு கொடுத்தால் பெயர் போடுகிறோம் என்கிறார்களே, அது என்ன? மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்விகள் அடிக்கடி என்னிடம் வருகின்றன.

எங்கே செல்லும், எங்கே செல்லாது

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்தான் கணக்கு. எவ்வளவு பெரிய இதழில் உங்கள் பெயர் வந்திருந்தாலும் கலந்தாய்வில் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. வயதுக் கவலை மட்டும் தீர்ந்துவிட்டது. பொதுப் பிரிவுக்கு 25 என்று இருந்த உச்ச வயது வரம்பு நீக்கப்பட்டதாக 2022 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஆகவே 35 வயதில் வியாசர்பாடியிலிருந்து நீட் எழுதப் போகிறவர், இயற்பியலோடு மல்லுக்கட்ட வேண்டிய நேரத்தில் பேப்பர் பின்னால் அலைந்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மருத்துவப் படிப்பு ஒரு பட்டம் முடித்த பிறகு. எம்கேட் என்ற நுழைவுத் தேர்வும் கல்லூரி மதிப்பெண்ணும் முக்கியம்தான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்பதையும் உட்கார்ந்து படிக்கிறார்கள். எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம். ஆம்காஸில் அதிகபட்சம் 15 அனுபவங்களைக் குறிப்பிடலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்குள். அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்தால் அந்த மூன்றுக்கும் மேற்கொண்டு 1325 எழுத்து எழுத இடம் கிடைக்கும். ஆய்வு வேலை, மாநாட்டில் வைத்த போஸ்டர், வெளியான கட்டுரை ஆகிய மூன்றும் அங்கே தனித்தனி வகைகள். இதைக் கவனியுங்கள். கட்டுரை வெளியாகாவிட்டாலும் ஆய்வு செய்த உழைப்புக்கு அங்கே இடம் இருக்கிறது. 'பேப்பர் இல்லாவிட்டால் விண்ணப்பமே வீண்' என்பது பொய்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவக் கல்லூரிகள் அங்கே குறைவு. தண்டையார்பேட்டையில் இருந்தபடி திட்டம் போடுகிறவர் பேப்பரைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

யார் ஆத்தர்?

பெயர் என்ற விஷயத்துக்கு வருவோம். ஒரு கற்பனை ஆய்வை வைத்துப் பேசினால் எளிதாகப் புரியும்.

மணலி தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருப்பவர்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க நெஞ்சக நோய்த் துறையில் எம்.டி. படிக்கும் ஒரு டாக்டரம்மா நினைக்கிறார். அது அவருடைய தீசிஸ், படிப்பை முடிக்கக் கொடுக்க வேண்டிய ஆய்வேடு. அவருடைய கைடு, "மணலியில் மட்டும் பார்த்தால் போதாது, ஆலைகளுக்குத் தள்ளியிருக்கிற ஒரு பகுதியையும் சேர்த்து ஒப்பிடு" என்று திட்டத்தை மாற்றுகிறார். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு, கருவியை வெளியே எடுத்துப்போக அனுமதி தருகிறார். டெக்னீஷியன் ஒருவர், வாயில் குழாயை வைத்து ஊதச் சொல்கிற ஸ்பைரோமெட்ரி சோதனையை 180 பேருக்குச் செய்கிறார். பி.எஸ்சி. முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கும் ஒரு பையன், அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் ஆய்வைத் தமிழில் விளக்கிச் சம்மதப் படிவம் வாங்கி, கேள்வித்தாளை நிரப்பி, எக்செலில் ஏற்றுகிறான். கணக்குப் போட ஒருவர். சோதனை நடத்தச் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டவர் ஒருவர். கடைசியில் ஆங்கிலத்தைச் சரிபார்த்துக் கொடுத்த தோழி ஒருத்தி.

எட்டுப் பேர். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே எத்தனை பெயர் வர வேண்டும்?

மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் 1978-ல் கனடாவின் வான்கூவரில் கூடி ஆரம்பித்த குழு ஒன்று இருக்கிறது. இன்று அதை ஐ.சி.எம்.ஜே.இ. என்கிறார்கள். உலகத்தின் முக்கியமான மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் இந்தக் குழு வகுத்த விதியைத்தான் பின்பற்றுகின்றன. ஆத்தர், அதாவது கட்டுரையாளர், என்று பெயர் வர நான்கு விஷயங்களும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவு திரட்டியதிலோ, அதை அலசிப் பொருள் கண்டதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியிருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளைக்கு யாராவது 'இந்த எண் எப்படி வந்தது' என்று கேட்டால், மொத்த வேலைக்கும் பொறுப்பேற்று அதைத் தீர்த்துவைக்க உடன்பட்டிருக்க வேண்டும்.

மூன்று இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் பெயர் மேலே வராது. கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற பகுதியில் வரும்.

இப்போது நம் எட்டுப் பேரைப் பாருங்கள். டாக்டரம்மாவைப் பற்றிச் சந்தேகமே இல்லை. கைடு திட்டத்தை மாற்றியமைத்தவர், எழுதியதை வரி வரியாகத் திருத்தினால் அவரும் ஆத்தர். சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டவருக்கும் ஆங்கிலம் பார்த்த தோழிக்கும் நன்றி போதும். மொழித் திருத்தம் மட்டும் செய்தால் ஆத்தர் ஆக முடியாது என்று அந்த விதிமுறையே சொல்கிறது. சாட்ஜிபிடி போன்றவற்றின் பெயரையும் ஆத்தர் வரிசையில் போடக்கூடாது, பொறுப்பேற்க அவற்றால் முடியாது என்று 2023-ல் சேர்த்திருக்கிறார்கள்.

துறைத் தலைவர்தான் சிக்கல். விதிப்படி நிர்வாக உதவியோ, பொதுவான மேற்பார்வையோ, நிதி வாங்கித் தந்ததோ மட்டும் போதாது. நடைமுறையில் பல இடங்களில் அவர் பெயர் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பெரியப்பா சித்தப்பா பெயரையெல்லாம் போடுவது மாதிரி, போடாவிட்டால் மனத்தாங்கல். இதற்கு 'கிஃப்ட் ஆத்தர்' என்று பெயரே இருக்கிறது. தவறுதான். ஆனால் வெளியிலிருந்து வந்த நீங்கள் முதல் கட்டுரையிலேயே இந்தப் போரைத் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. உங்கள் இடத்தைக் காத்துக்கொள்வதே போதுமான வேலை.

டெக்னீஷியன்? தினசரி செய்கிற சோதனையையே இங்கும் செய்து தாளைக் கொடுத்துவிட்டுப் போனால் நன்றியில் வருவார். எந்த ஊதல் செல்லும், எது செல்லாது என்று தரம் பிரித்து, ஆய்வை எப்படிச் செய்தோம் என்று சொல்லும் முறையியல் பகுதியில் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் அவர் ஆத்தர் வரிசைக்குள் வந்துவிடுகிறார். கணக்குப் போடுகிறவருக்கும் இதேதான். சொன்ன டெஸ்ட்டைப் போட்டு அட்டவணை கொடுத்தால் ஒரு மாதிரி, எந்த அலசல் பொருந்தும் என்று முடிவு செய்து முடிவுகளை எழுதினால் வேறு மாதிரி.

வீடு வீடாகப் போன பையன் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிற பலர் அந்தப் பையன்தான். வெயிலில் அலைந்தது அவன், கதவு தட்டித் திட்டு வாங்கியது அவன், மணலித் தமிழில் ஸ்பைரோமெட்ரியை விளக்கியதும் அவன். முதல் நிபந்தனையை அவன் தாராளமாக நிறைவேற்றிவிட்டான், தரவு திரட்டுவதும் அதில் அடக்கம். இரண்டாவதில்தான் அவன் விழுவான். கட்டுரை எழுதும்போது அவனை யாரும் கூப்பிடமாட்டார்கள். எக்செலை அனுப்பியதோடு உறவு முடியும். ஒரு வருஷம் கழித்துக் கட்டுரை வெளியாகும்போது நன்றிப் பகுதியில் ஒரு வரி இருக்கும், அதுவும் எல்லாச் சமயமும் இருக்காது.

ஆனால் அதே விதிமுறையில் பலர் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வாசகம் உண்டு. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒருவருக்கு எழுதவோ, திருத்தவோ, ஒப்புதல் தரவோ வாய்ப்பே தராமல் வைத்து, அதையே காரணம் காட்டி அவரை விலக்கக்கூடாது என்கிறது அது. அதாவது, வரைவைப் பார்க்கக் கேட்பது உங்கள் பேராசை கிடையாது. கேட்டால் காட்ட வேண்டும் என்பதே நெறி.

எனவே டேட்டா எடுக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். முறையியல் பகுதி உங்களுக்கு ஏற்றது. யாரைச் சேர்த்தீர்கள், யாரை விட்டீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், கேள்வித்தாளை எப்படித் தமிழாக்கினீர்கள் என்பதெல்லாம் உங்களைவிட யாருக்கும் தெரியாது. அதை எழுதிக் கொடுத்தவரை வரிசையிலிருந்து எடுப்பது கடினம்.

எப்போது பேசுவது

வேலை தொடங்கும் முன்பு. நம் ஊரில் இதைக் கேட்கக் கூச்சப்படுவோம். 'பெரிய டாக்டர், நமக்குச் செய்யாமலா போய்விடுவார்' என்று இருந்துவிடுவோம். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. வார்டு, ஓ.பி., பரீட்சை என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு, ஒரு வருஷத்துக்கு முன் வந்து போன உங்கள் பெயரே மறந்திருக்கலாம். பேசும் தொனியைப் பற்றிப் பயப்படாதீர்கள். இப்படிக் கேட்டால் போதும்:

"மேடம், ஃபீல்டு வேலை முழுக்க நான் பார்த்துக்கிறேன். கூடவே மெத்தட்ஸ் பகுதியோட முதல் டிராஃப்ட்டையும் நானே எழுதித் தர்றேன். கோ-ஆத்தரா என் பேரு வருமா, வந்தா எத்தனாவதுன்னு இப்பவே பேசிக்கலாமா மேடம்?"

பேசி முடித்ததும், "இன்று பேசியபடி" என்று ஆரம்பித்து நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் வேண்டாம், அது உறவைக் கெடுக்கும். அந்த மின்னஞ்சல் பின்னால் ஞாபகப்படுத்த உதவும்.

இதைவிட உறுதியான இடம் ஒன்று உண்டு. அது எத்திக்ஸ் கமிட்டிக்கு, அதாவது ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு, போகும் ஆய்வுத் திட்டம். மனிதர்களிடம் தரவு எடுக்கும் எந்த ஆய்வும் முதல் ஆளைச் சந்திக்கும் முன்பே அந்தக் கமிட்டியின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி அந்தக் கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத பொதுமக்கள் பிரதிநிதியும் உண்டு. அவர்களுக்குப் போகும் தாளில் இணை ஆய்வாளர் என்று உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் வெளியாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. நோயாளிகளின் விவரங்களை நீங்கள் கையாள்வதற்கும் அதுதான் முறையான வழி. அனுமதி வாங்காமல் முதலில் டேட்டா எடுத்துவிட்டுப் பிறகு கமிட்டியிடம் போகலாம் என்று யாராவது சொன்னால் கழன்றுகொள்ளுங்கள். முடிந்துபோன வேலைக்குப் பழைய தேதி போட்டு அனுமதி கிடைக்காது, நல்ல இதழ் எதுவும் அந்தக் கட்டுரையைத் தொடாது.

வரிசையும் இனிஷியலும்

மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் அதிகம் உழைத்தவருடையது. கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக் குழுவின் மூத்தவருடையது. இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர் பெயருக்கு ஒரு குறி இருக்கும். நடுவில் இருப்பவர்களின் வரிசையைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சின்ன நடைமுறை மட்டும்: மருத்துவ இதழ்களில் மேற்கோள் காட்டும்போது வழக்கமாக முதல் ஆறு பெயரை எழுதிவிட்டு 'மற்றும் பிறர்' என்று முடித்துவிடுவார்கள். ஏழாவது ஆளாக இருந்தால் எல்லா இடத்திலும் நீங்கள் 'பிறர்'.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மேலைநாட்டு அட்டவணைகள் கடைசியில் வரும் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். கலைச்செல்வி என்று ஒருவர், அப்பா பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். கலைச்செல்வி முருகன் என்று கொடுத்தால் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அது முருகன் கே. என்று ஏறும். கட்டுரை அப்பா கணக்கில் போய்விட்டது! அடுத்த கட்டுரையில் எம். கலைச்செல்வி என்று கொடுத்தால் இரண்டும் இரண்டு ஆள் மாதிரி தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் மூன்றாவது ஆள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ பார்த்து, ஒரே வடிவத்தை முடிவு செய்து, முதல் கட்டுரையிலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடவே ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 2012-லிருந்து இருக்கிற இலவசச் சேவை, 16 இலக்கம் கொண்ட எண். பெயர் எப்படி மாறினாலும் உங்கள் கட்டுரைகள் அந்த எண்ணில் வந்து சேரும்.

எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று போடுவது என்றும் கேட்கிறார்கள். எதிலும் இல்லாவிட்டால் சுயாதீன ஆய்வாளர், சென்னை என்று போடலாம். வேலை பார்க்காத கல்லூரியின் பெயரைப் போடாதீர்கள்.

பெயரே இல்லாத பெரிய பேப்பர்

இந்தப் பெயர்ப் பிரச்சினையில் எனக்குப் பிடித்த உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. காசநோய் வந்தவர்களைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்த காலம் அது. வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க 1956-ல் சென்னையில் ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் இருந்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை கொடுத்து, சானடோரியத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் தொண்ணூறு பக்கத்துக்கு மேல் வெளியான அந்த அறிக்கை, உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அதன் ஆத்தர் இடத்தில் தனி மனிதர் பெயர் கிடையாது. காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சென்னை என்று மையத்தின் பெயர் மட்டும்.

இன்றும் குழுவின் பெயரில் கட்டுரைகள் வருகின்றன. இப்போது ஒரு வசதி, குழுவில் இருந்தவர்களின் பெயர்களை இதழ் தனிப் பட்டியலாகக் கொடுத்தால் பப்மெட் அவர்களைக் கூட்டாளிகள் என்று வேறாகப் பதிவு செய்கிறது, பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். பெரிய பல்மைய ஆய்வு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தால் அந்தப் பட்டியல் இருக்குமா என்று கேளுங்கள். அது ஆத்தர் ஆகாது என்றாலும், ஆதாரம்.

உள்ளே நுழைவது எப்படி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-லிருந்து நடத்தும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் பற்றிப் பலர் சொல்வார்கள். அது ஏற்கெனவே மருத்துவமோ பல் மருத்துவமோ படிப்பவர்களுக்கு. இன்னும் சேராத உங்களுக்கு இல்லை. ஆகவே வேறு கதவுகள்.

எனக்குத் தெரிந்து மிக நல்ல கதவு, முடிந்துபோன தீசிஸ். எம்.டி., எம்.எஸ். படிப்பவர் எல்லாரும் மூன்று வருஷத்தில் ஒரு தீசிஸ் கொடுத்தாக வேண்டும். வடசென்னையில் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி போன்ற ஒரு கல்லூரியில் எத்தனை துறை, எத்தனை பி.ஜி. மாணவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாட்டில் எந்தக் கல்லூரியிலும் தீசிஸ்களில் பாதிக்காவது கட்டுரையாகும் யோகம் கிடைத்தால் ஆச்சரியப்படுவேன். பரீட்சை முடிந்ததும் டாக்டர் வேலைக்குப் போய்விடுவார், தடித்த பைண்டிங் போட்ட புத்தகம் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். எத்திக்ஸ் அனுமதி வாங்கியாயிற்று, தரவு இருக்கிறது. இல்லாதது நேரம் மட்டுமே. தெரிந்த டாக்டர் யாராவது இருந்தால், "உங்க தீசிஸை நான் கட்டுரையா சுருக்கித் தரட்டுமா? அலசலையும் மறுபடி சரிபார்க்கிறேன்" என்று கேளுங்கள். தீசிஸ் எழுதியவர் முதல் ஆத்தர், கைடு கடைசி, நடுவில் நீங்கள். அலசலும் எழுத்தும் உங்கள் பங்கில் இருப்பதால் விதிப்படியும் நேர்மையான இடம். எழுதியவர், கைடு இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கமிட்டி தந்த அனுமதி உங்களையும் உள்ளடக்குமா என்று கைடு மூலம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பக்கமே போக முடியாத அளவுக்கு வேலை நேரம் நெருக்குகிறது என்றால் முறைசார் திறனாய்வில் சேரலாம். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இதுவரை வெளியான எல்லா ஆய்வுகளையும் விதிமுறையோடு தேடித் தொகுப்பது அது. ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதுதான் நல்ல முறை என்பதால் எப்போதும் ஆள் தேவைப்படும். ராத்திரி பத்து மணிக்குக் கொருக்குப்பேட்டையில் உட்கார்ந்து செய்யலாம். வேலை சலிப்பானது. ஆயிரக்கணக்கில் சுருக்கங்களைப் படிக்க வேண்டும். தொடங்கும் முன் ஆய்வுத் திட்டத்தை, இந்த வகை ஆய்வுகளுக்கென்றே இருக்கும் பிராஸ்பெரோ பதிவேட்டில் பதிகிறார்களா என்று பாருங்கள். பதியும் குழு பெரும்பாலும் ஒழுங்கான குழு.

தனி நோயாளி அறிக்கை என்று ஒன்று உண்டு, அபூர்வமான ஒரு நோயாளியைப் பற்றிய சிறு கட்டுரை. அந்த நோயாளியைப் பார்க்காதவருக்கு அதில் உண்மையான பங்கு அநேகமாக இருக்காது. நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ அவரைக் கவனித்தவர் என்றால் பங்கு இருக்கும். நோயாளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது.

சொந்தமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்கிறவர்கள் பொதுவில் கிடைக்கும் தரவைப் பார்க்கலாம். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் மூன்றிலும் காற்றின் தரத்தை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அவற்றின் அளவீடுகளை யாரும் எடுக்கலாம். ஆனால் தனியாளாகச் செய்தால் திருத்திச் சொல்ல ஆள் இல்லாமல் போகும். ஒரு சமூக மருத்துவத் துறை ஆசிரியரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வரும் பெயர்

இதைப் பேசாமல் விட முடியாது. அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போகும் டாக்டர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டத் தேர்வில் 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். மதிப்பெண்ணால் முந்த முடியாதவர்கள் பேப்பரால் முந்தப் பார்க்கிறார்கள். இங்கே கல்லூரி ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்கும் பேப்பர் தேவை. தேவை இருக்கும் இடத்தில் கடை முளைக்கும். இரண்டாவது ஆத்தர் இடம் இவ்வளவு, மூன்றாவது இவ்வளவு என்று வாட்ஸாப்பில் விலைப்பட்டியலே வரும். மருத்துவம் இன்னும் சேராதவர்களுக்கும் அதே பட்டியலை அனுப்புகிறார்கள்.

இங்கே இரண்டு வேறு விஷயங்கள் குழம்பிவிடுகின்றன. எல்லாரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவிடும் நல்ல இதழ்கள் பலவும், கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு ஆத்தர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. அதில் தவறில்லை. நீங்கள் எழுதாத கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்க ஒரு இடைத்தரகருக்குக் கொடுப்பது வேறு. அது மோசடி, வாங்குபவரும் அதில் பங்காளி. நான்காவது நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கட்டுரை நாளை திரும்பப் பெறப்பட்டால் திரும்பப் பெற்ற அறிவிப்போடு உங்கள் பெயர் பப்மெட்டில் நிரந்தரமாக நிற்கும். நேர்முகத் தேர்வில் 'இந்த ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இதழே போலியாக இருப்பதும் உண்டு. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமம், தன் இதழ்களில் முறையான நிபுணர் மதிப்பீடு (வெளியிடும் முன் அதே துறையினர் கட்டுரையைச் சரிபார்ப்பது) நடப்பதாக ஆய்வாளர்களை ஏமாற்றியது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-ல் அந்நாட்டு நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. அனுப்பிய சில நாட்களிலேயே ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். மதிப்பீட்டாளர்களின் கேள்விகள் இல்லாமல் வரும் ஏற்பு, ஏற்பே இல்லை. இதழ் பப்மெட்டில் இருக்கிறதா, இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ்களின் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று இதழின் சொந்த வலைத்தளத்தை நம்பாமல் அந்தந்தத் தளத்துக்கே போய்ப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் எழுதும்போது

கட்டுரை இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். அனுப்பியிருக்கிறோம் என்பது வேறு, ஏற்றுக்கொண்டார்கள் என்பது வேறு, வெளியானது வேறு. அனுப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு வெளியான கட்டுரை என்ற வகையில் போடாதீர்கள். ஆய்வு அனுபவம் என்ற வகையில் போட்டு, கட்டுரை பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மெட்ஆர்கைவ் போன்ற முன்வெளியீட்டுத் தளத்தில் ஏற்றியிருந்தால் அதற்கும் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், ஆனால் அது நிபுணர் மதிப்பீடு தாண்டியது ஆகாது. முன்வெளியீடு என்றே சொல்லுங்கள். எழுதி அனுப்பிய நாளிலிருந்து வெளியாக ஒரு வருஷம் ஆவது சாதாரணம். அடுத்த ஜூனில் விண்ணப்பிக்கப் போகிறவர் இந்த ஜனவரியில் ஆய்வு தொடங்கினால் கட்டுரை கையில் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

நன்றிப் பகுதியில் மட்டும் பெயர் வந்தவர்கள் அதை ஒளிக்கத் தேவையில்லை. 700 எழுத்தில், எத்தனை குடும்பங்களைச் சந்தித்தீர்கள், படிவத்தில் எந்தக் கேள்வி மக்களுக்குப் புரியவில்லை, அதை எப்படி மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பத்து வருஷம் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடம் தேர்வுக்குழு எதிர்பார்ப்பதும் இந்த மாதிரி விவரத்தைத்தான். கைடிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்கிவிடுங்கள். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதற்கு முன்பு.